தொடக்கப் பள்ளிகளில் பருவத் தேர்வுகள்: ஓர் ஆய்வு

முன்னுரை

கல்வி என்னும் கட்டடத்திற்குத் தொடக்கப் பள்ளியே அடித்தளம். அடித்தளம் உறுதியாக அமைந்ததா என்று பாராமல் மேல்மாடி எழுப்புவார் எவருமில்லை. அவ்வாறு பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்டவையே தேர்வுகள். ஆயினும், தேர்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் மதிப்பெண்ணும் தர வரிசையும் நம் நினைவுக்கு வருகின்றனவே தவிர, கற்ற பாடம் நினைவுக்கு வருவதில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு நடத்தப்படும் ஒரு பருவத் தேர்வு எதை அளக்க வேண்டும்? அளந்த பின்னர் என்ன செய்ய வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் நம் வடசென்னைப் பகுதி, உழைப்பாளர் மிகுந்த பகுதி. தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகமும் மீன்பிடித் துறையும் தொழிற்சாலைகளும் இப்பகுதி மக்களுக்குச் சோறு போடுகின்றன. இம்மக்களின் குழந்தைகள் பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயில்கின்றனர். நம் கல்லூரியில் பயில்வோரில் பலரும் அப்பள்ளிகளிலிருந்து வந்தவர்களே. ஆகவே இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

தேர்வு வந்த வழி

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு என்ற ஒன்று இருந்ததில்லை. அங்கே ஒவ்வொரு நாளும் தேர்வுதான். மணலில் எழுத்தைப் பயின்ற சிறுவன் அதைச் சட்டாம்பிள்ளையிடம் எழுதிக் காட்ட வேண்டும்; மனப்பாடம் செய்ததை ஆசிரியரிடம் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தவன் மேலே செல்வான். ஒப்பிக்காதவன் அதையே மறுநாளும் படிப்பான். பிரம்படி முதலிய குறைகளும், எல்லாச் சாதியாரையும் பெண்களையும் சேர்த்துக்கொள்ளாத பெருங்குறையும் அம்முறையில் இருந்தன. எனினும், எந்த மாணவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பது அவ்வாசிரியருக்கு அன்றாடம் தெரிந்திருந்தது.

1789இல் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆதரவற்றோர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், குழந்தைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக இது ‘சென்னை முறை’ என்ற பெயரில் பரவியது. இன்றும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவருடைய கொடையால் எழுந்த பள்ளி ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது. நம் தெருத்திண்ணையின் பழக்கம் கடல் கடந்து சென்ற வரலாறு இது.

பின்னர் வந்தது இதற்கு நேர்மாறான ஒரு முறை. 1862இல் இங்கிலாந்தில், ‘தேர்ச்சிக்கேற்ப மானியம்’ என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு குழந்தையையும் சோதிப்பார். தேறிய குழந்தைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே பள்ளிக்குப் பணம் கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணப் பள்ளிகளிலும் இம்முறை இடம் பெற்றது. விளைவு யாது? ஆய்வாளர் கேட்கக்கூடியதை மட்டுமே ஆசிரியர்கள் கற்பித்தனர். வாசிப்புப் புத்தகத்தைக் குழந்தைகள் பொருள் தெரியாமலே நெட்டுருப் போட்டனர். கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு இதனைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கைகள் எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்சன் பிரபு காலத்தில் இந்தியாவில் இம்முறை கைவிடப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. தேர்வின் முடிவோடு பரிசோ தண்டனையோ பணமோ கட்டப்பட்டுவிட்டால், அத்தேர்வு கற்றலை அளப்பதை விட்டுவிட்டுத் தன்னையே அளந்துகொள்ளத் தொடங்கிவிடுகிறது.

சென்னையில் கண்ட மாற்றங்கள்

விடுதலைக்குப் பின், 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, தொடக்க வகுப்புகளில் மதிப்பீடு என்பது குழந்தைகளின் அடிப்படைத் திறன்களை வளர்க்கத் துணை செய்ய வேண்டும் என்று கூறியது. முதல் நான்கு வகுப்புகளையும் ஒரே தொகுதியாகக் கருதி, குழந்தைகள் தத்தம் வேகத்தில் முன்னேற இடமளிக்கலாம் என்றும் அது பரிந்துரைத்தது. ஆயினும் நடைமுறையில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளே நெடுங்காலம் ஆட்சி செய்தன.

2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார், ஆந்திர மாநிலத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் நடைமுறையில் இருந்த முறையை முன்மாதிரியாகக் கொண்டு, ‘செயல்வழிக் கற்றல்’ திட்டத்தைக் கொண்டுவந்தார். பாடங்கள் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டன. ‘ஏணிப்படி’ என்னும் அட்டவணை சுவரில் தொங்கியது. குழந்தை தானே அட்டையை எடுத்து, தன் வேகத்தில் படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மதிப்பீட்டு அட்டை இருந்தது. தேர்வு என்ற அறிவிப்பே இல்லாமல் தேர்வு நடந்தது. பின்னர் இம்முறை மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2007-08இல் மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. திண்ணைப் பள்ளியில் இருந்த நல்ல கூறு, அதன் குறைகள் நீங்கிப் புதுவடிவில் மீண்டு வந்தது எனலாம்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையின் அறிவைத் ‘தொடர்ச்சியாகவும் முழுமையாகவும்’ மதிப்பிட வேண்டும் என்று விதித்தது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு முப்பருவ முறை வந்தது. ஆண்டு முழுமைக்குமான தடித்த புத்தகம் மூன்று மெல்லிய புத்தகங்களாயிற்று. ஒவ்வொரு பருவத்திலும் 100 மதிப்பெண். அவற்றுள் 40 பருவத்தின் ஊடே நடைபெறும் ‘வளரறி மதிப்பீட்டுக்கு’. 60 பருவ இறுதியில் நடைபெறும் ‘தொகுத்தறி மதிப்பீட்டுக்கு’.

அதன்பின் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்தன. அந்த இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 சூன் 13ஆம் நாள், வடசென்னையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. இத்திட்டத்தில் குழந்தைகள் வகுப்பால் மட்டுமன்றி, கற்றல் நிலையாலும் அரும்பு, மொட்டு, மலர் என்று அறியப்பட்டனர். மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தை, அரும்பு நிலையிலும் இருக்கக்கூடும் என்ற உண்மையை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டதே இத்திட்டத்தின் சிறப்பு.

இருவகை மதிப்பீடு

வளரறி, தொகுத்தறி என்ற இவ்விரு சொற்களுக்கும் மூலமான ஆங்கிலச் சொற்களை 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் என்னும் அறிஞர் வழக்கத்திற்குக் கொண்டுவந்தார். இவற்றின் வேறுபாட்டைக் காசிமேட்டுக் கரையில் எளிதாகக் காணலாம். வலையைக் கரையில் விரித்து, எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பார்த்துத் தைப்பது ஒரு வேலை. பிடித்த மீனை ஏலத்தில் எடை போடுவது மற்றொரு வேலை. முன்னது வளரறி மதிப்பீடு. பின்னது தொகுத்தறி மதிப்பீடு. இரண்டும் வேண்டியவையே. ஆனால் எடை போட்டுக்கொண்டே இருந்தால் வலை தைபடாது.

பருவத் தேர்வு பருவ இறுதியில் வருவதால் அதனை எடை போடும் வேலையாகவே நாம் கருதிவிட்டோம். உண்மையில் ஒரு பருவத்தின் இறுதி என்பது அடுத்த பருவத்தின் வாயில். தொடக்கப் பள்ளியைப் பொறுத்தவரை, பருவத் தேர்வும் அறுந்த கண்ணியைக் காட்டும் கருவியாகவே பயன்பட வேண்டும். இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து.

ஒரே மதிப்பெண், இரு வேறு தேவைகள்

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். மூன்றாம் வகுப்புக் கணக்குத் தேர்வு ஒன்றில் 10 வினாக்கள்; வினாவுக்கு 2 மதிப்பெண் வீதம் 20 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். கூட்டல் 4, கழித்தல் 3, சொற்கணக்கு 3.

ஒரு சிறுவன் கூட்டல் நான்கையும் சரியாகச் செய்கிறான். கழித்தலில் கடன் வாங்கத் தேவையில்லாத ஒன்றை மட்டும் சரியாகச் செய்கிறான். சொற்கணக்கில், கூட்டலாக அமைந்த இரண்டையும் சரியாகவும், கழித்தலாக அமைந்த ஒன்றைத் தவறாகவும் செய்கிறான். அவன் பெற்றது 14.

ஒரு சிறுமி கூட்டல் நான்கையும் கழித்தல் மூன்றையும் பிழையின்றிச் செய்கிறாள். சொற்கணக்கு மூன்றையும் தொடவே இல்லை. அவள் பெற்றதும் 14.

இருவரும் நூற்றுக்கு 70. முப்பருவ முறையின் தரப்பட்டியலில் 61 முதல் 70 வரை ‘பி2’. இருவர் அட்டையிலும் ‘பி2’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் விடைத்தாளை மீண்டும் பாருங்கள். சிறுவன் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறான். 81இலிருந்து 46ஐக் கழித்து 45 என்று எழுதியிருக்கிறான். இது கவனக்குறைவு அன்று. ஒன்றின் இடத்தில் எது பெரிய எண்ணோ அதிலிருந்து சிறிய எண்ணைக் கழித்துவிடுகிறான். அவனிடம் ஒரு விதி இருக்கிறது, அவ்விதி தவறானது. ‘இன்னும் பயிற்சி செய்’ என்று சொன்னால், தவறான விதியையே நன்றாகப் பயிற்சி செய்வான். அவனுக்கு வேண்டுவது பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள். ஒரு கட்டை அவிழ்த்தால் பத்துக் குச்சிகள் என்பதை அவன் கைகள் உணர வேண்டும்.

சிறுமியின் நிலை வேறு. சொற்கணக்கை ஆசிரியர் உரக்கப் படித்துக் காட்டினால் அவள் உடனே விடை சொல்லிவிடக்கூடும். அப்படியானால் அவளுக்குக் கணக்கில் குறையில்லை, வாசிப்பில் இருக்கிறது. கணக்குத் தேர்வு அவளுடைய தமிழைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்கு மேலும் ஐம்பது கழித்தல் கணக்குகள் கொடுப்பது வீண்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பின்னரே மருந்து செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. 14 என்ற எண்ணில் நோயும் தெரியவில்லை, காரணமும் தெரியவில்லை. விடைத்தாளில் இரண்டும் தெரிகின்றன.

நல்ல வினாத்தாளின் இலக்கணம்

விடைத்தாள் பேச வேண்டுமாயின் வினாத்தாள் நன்கு அமைய வேண்டும். அதற்குச் சில நெறிகள் உண்டு.

முதலாவது, வினாத்தாள் தயாரிக்கும் முன் ஒரு திட்ட அட்டவணை தேவை. பருவத்தில் கற்பித்த திறன்கள் எவை, அவற்றில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினா என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். நினைவில் வைத்துச் சொல்வது, பொருள் புரிந்துகொள்வது, புதிய இடத்தில் பயன்படுத்துவது ஆகிய மூன்றுக்கும் இடமிருக்க வேண்டும். அட்டவணை இல்லையேல், கேட்பதற்கு எளிதான மனப்பாட வினாக்களே தாளை நிரப்பிவிடும்.

இரண்டாவது, ஒரு வினா ஒரு திறனையே சோதிக்க வேண்டும். மழையின் பயன்களை எழுதச் சொல்லி, குழந்தை ‘மளை’ என்று எழுதியதற்காக முழு மதிப்பெண்ணையும் குறைத்தால் நாம் அளந்தது எதை? ‘ல, ள, ழ’ வேறுபாட்டை அறிய வேண்டுமானால், ‘மலை’ ‘மழை’ என்ற சொற்களைக் கொண்டு தனி வினா கேட்கலாம். நம் பகுதிக் குழந்தை வீட்டில் ‘வூடு’ என்று பேசும்; பள்ளியில் ‘வீடு’ என்று எழுதப் பழகும். வீட்டு மொழியைப் பிழையாகவும் அறியாமையாகவும் எண்ணிவிடாமல், நூல் மொழிக்கு அழைத்துச் செல்லும் வழியாகக் கொள்வதே நல்லாசிரியர் கடமை.

மூன்றாவது, வாய்மொழித் தேர்வு இன்றியமையாதது. வாசிக்கத் தெரியுமா என்பதை எழுத்துத் தேர்வால் முற்றிலும் அறிய முடியாது. கரும்பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்தெழுதும் குழந்தை, எழுதியதை வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். குழந்தையை அருகில் அமர்த்தி, முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு ஒரு வரி, பிறகு சிறு பத்தி என்று படிக்கச் சொன்னால், எந்தப் படியில் தடுமாறுகிறது என்பது சில நிமிடங்களில் விளங்கிவிடும்.

நான்காவது, வினாவில் வரும் செய்தி குழந்தையின் உலகைச் சேர்ந்ததாக இருத்தல் நலம். கூடையில் இருந்த மீன், பேருந்துக் கட்டணம், கடையில் தர வேண்டிய மீதிச் சில்லறை ஆகியவற்றை நம் குழந்தைகள் நன்கறிவர். கண்டிராத பொருளைப் பற்றிய கணக்கில், பொருளைப் புரிந்துகொள்வதற்குள் நேரம் கழிந்துவிடும்.

வடசென்னையின் சூழ்நிலை

இவ்விடத்தில் நம் பகுதியின் சூழ்நிலையையும் கருத வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் ஒரே தாள் கொடுப்பது நேர்மையானது என்று தோன்றும். ஆனால் அந்நாளுக்கு முன் அவர்கள் வாழ்ந்த நாட்கள் ஒன்றாக இருப்பதில்லை.

அரையாண்டுத் தேர்வு வருவது திசம்பரில். வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருவதும் அவ்வேளையிலேயே. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின் போது சென்னையும் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர் குடியிருப்புகளின் வீடுகளிலும் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, அரையாண்டுத் தேர்வுகள் தள்ளி வைக்கப்பட்டன. புத்தகமும் சீருடையும் நனைந்துபோன வீட்டிலிருந்து வந்து தேர்வெழுதும் குழந்தையின் மதிப்பெண், அதன் அறிவையா காட்டும்? வீட்டுக்குள் வந்த வெள்ளத்தின் உயரத்தையன்றோ காட்டும்!

முழு ஆண்டுத் தேர்வு நடைபெறும் ஏப்ரலில், 15ஆம் நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. வருவாய் குறையும் வீட்டில் மூத்த பெண் குழந்தைகள் வீட்டு வேலையைச் சுமப்பதும், தாயுடன் சந்தைக்குச் செல்வதும் உண்டு. மேலும் நம் பகுதியில் தெலுங்கும் உருதும் பேசுவோர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். தொழிற்சாலை வேலைக்காக வட மாநிலங்களிலிருந்து வந்தோரின் குழந்தைகளும் தமிழ் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் தமிழ்த்தாளில் பெறும் குறைந்த மதிப்பெண், அவர்கள் மந்த புத்தியுடையோர் என்பதற்குச் சான்றாகாது.

எனவே, தேர்வு நாளில் வராத குழந்தைக்கு ‘வரவில்லை’ என்று குறித்துவிட்டு விடுவது போதாது. வராத குழந்தையே பெரும்பாலும் உதவி மிக வேண்டிய குழந்தை. பள்ளிக்கு அது வந்த முதல் நாளிலேயே அமரவைத்து, வாய்மொழியாகவேனும் சோதித்து அறிவதே தேர்வின் நோக்கத்திற்கு ஏற்றது.

தேர்வுக்குப் பின்

தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் பதிந்து, அட்டை கொடுத்து, அடுத்த புத்தகத்தின் முதல் பாடத்தைத் தொடங்கிவிடுவது வழக்கம். இங்கேதான் தேர்வு பயனற்றுப் போகிறது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கோடிட்ட தாளில் இடப்புறம் மாணவர் பெயர்களையும், மேலே வினா எண்களையும் எழுத வேண்டும். 30 மாணவர், 10 வினாக்கள் எனில் 300 கட்டங்கள். சரியான விடைக்கு ஒரு குறி, தவறுக்கு ஒரு குறி. இத்தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தால் வகுப்பின் நிலை தெரியும். ஒரு வினாவில் 22 பேர் தவறியிருந்தால் குறை மாணவரிடம் இல்லை. கற்பித்த முறையிலோ கேட்ட முறையிலோ இருக்கிறது. அப்பாடத்தை வகுப்பு முழுமைக்கும் மீண்டும் நடத்த வேண்டும். மூவர் மட்டும் தவறியிருந்தால் அம்மூவருக்கும் தனியே உதவ வேண்டும். இடமிருந்து வலமாகப் பார்த்தால் ஒவ்வொரு குழந்தையின் நிலையும் தெரியும். புதிய பருவத்தின் முதல் இரண்டு வாரங்களை இதற்கென்றே ஒதுக்கினால் பின்னால் பல மாதங்கள் மிச்சமாகும்.

பெற்றோர்க்குச் சொல்வதிலும் மாற்றம் வேண்டும். துறைமுகத்தில் இரவுப் பணி முடித்து வந்த தந்தையிடமும், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த தாயிடமும் ‘பி2’ என்று சொல்வதால் என்ன பயன்? ‘உங்கள் பையனுக்குக் கூட்டல் நன்றாக வருகிறது. கழித்தலில் பத்தை உடைக்கத் தெரியவில்லை. கடைக்கு அனுப்பும்போது மீதிச் சில்லறையை அவனையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்’ என்று சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் மகனுக்குத் துணையாவர்.

சில மறுப்புகளும் விடையும்

இதற்கெல்லாம் ஆசிரியர்க்கு நேரமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் விதிப்பது இரண்டு ஆசிரியர்களையே. அவ்விருவரும் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்போம். குழந்தைக்கு 5 நிமிடம் வீதம் 60 குழந்தைகளுக்கு வாய்மொழித் தேர்வு நடத்த 300 நிமிடங்கள். இருவர் பகிர்ந்தால் ஒருவருக்கு 150 நிமிடங்கள். ஐந்து நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு அரைமணி. இது இயலாத செயலன்று. ஆனால் அந்த அரைமணியைப் படிவங்களும் பதிவேடுகளும் விழுங்கிவிடக் கூடாது. தொடர் மதிப்பீடு என்பது தொடர்ந்து கவனிப்பதேயன்றித் தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பதன்று. பெற்றோர் ஒட்டிக் கொடுத்த படத்தொகுப்புக்கு மதிப்பெண் போடுவதும் மதிப்பீடாகாது. ஆசிரியரின் எழுத்து வேலையைக் குறைப்பது அரசின் கடமை. மிச்சமான நேரத்தைக் குழந்தைக்குத் தருவது ஆசிரியரின் கடமை.

தோல்வி என்பதே இல்லாதபோது தேர்வு எதற்கு என்று வேறு சிலர் கேட்பர். கல்வி உரிமைச் சட்டம் முதலில் எட்டாம் வகுப்பு முடியும்வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 5ஆம் வகுப்பிலும் 8ஆம் வகுப்பிலும் தேர்வு நடத்தி நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் அவ்வாண்டு அவ்வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு அறிவிக்கப்பட்டது. பெற்றோரும் கல்வியாளரும் எதிர்த்ததை அடுத்து 2020 பிப்ரவரி 4ஆம் நாள் அது கைவிடப்பட்டது. பத்து வயதுக் குழந்தைக்குத் தோல்வி என்ற முத்திரை குத்தினால், அக்குழந்தை மீண்டும் படிக்க வருவதைவிட மீன்பிடித் துறைக்கோ பட்டறைக்கோ போய்விடுவதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே அம்முடிவு நல்லதே.

ஆனால் மற்றொரு பக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. தோல்வியில்லை என்பதால் கவனிப்பும் இல்லை என்றாகிவிட்டால், வாசிக்கத் தெரியாத குழந்தை ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மேலே தள்ளப்பட்டு, ஆறாம் வகுப்பில் அறிவியலும் வரலாறும் தன் முன் விரிந்து கிடக்க, ஒன்றும் விளங்காமல் அமர்ந்திருக்கும். அதுவும் தோல்வியே, அட்டையில் எழுதப்படாத தோல்வி. தோல்வி முத்திரை இல்லாத பள்ளியில் குறை காணும் தேர்வு முன்னிலும் மிகுதியாக வேண்டும். அச்சமூட்ட அன்று, கைகொடுக்க.

முடிவுரை

பருவத் தேர்வு வேண்டும். ஆனால் அது குழந்தைகளை வரிசையில் நிறுத்துவதற்கன்று. அடுத்த பருவத்தில் ஆசிரியர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அறிவதற்கு. அதன் வெற்றியை, எத்தனை பேர் எத்தனை மதிப்பெண் பெற்றனர் என்பதைக் கொண்டு அளக்கலாகாது. முதற்பருவத்தில் தடுமாறிய குழந்தை இரண்டாம் பருவத்தில் எவ்வளவு தூரம் வந்தது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

இதில் கல்லூரி மாணவராகிய நமக்கும் பங்குண்டு. நம்முள் பலர் மாலை வேளைகளில் தெருக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். சிலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். நம்மிடம் வரும் குழந்தையின் தேர்வுத் தாளைக் கையில் வாங்கியதும், மேலே சிவப்பு மையில் உள்ள எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் தவறுகளைப் படிப்போம். ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று அதட்டாமல், ‘எப்படிச் செய்தாய், சொல் பார்ப்போம்’ என்று கேட்போம். குழந்தை சொல்லும் விடையில் அதன் சிந்தனை தெரியும். நாம் கற்பிக்க வேண்டிய இடமும் தெரியும்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள பள்ளிகளில் பயிலும் ஒவ்வொரு குழந்தையும் ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது, பிழையின்றி வாசிக்கவும், பொருள்பட எழுதவும், நம்பிக்கையோடு கணக்கிடவும் வல்லதாக விளங்க வேண்டும். அந்நிலை எய்துவதற்குத் தேர்வுகள் துணை நிற்குமாறு செய்வது நம் அனைவருடைய கடமையாகும்.